பேக்கேஜை எங்கே நிறுவுவது?

நிரலில் பிழைகளைத் தேடும் கருவியான இஎஸ்லின்ட்டின் 9ஆம் பதிப்பு 2024 ஏப்ரலில் வெளியானது. அதுவரை நிரல் விதிகளை ‘.இஎஸ்லின்ட்ஆர்சி’ என்ற கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். புதிய பதிப்பு அந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. ‘இஎஸ்லின்ட்.கான்ஃபிக்.ஜேஎஸ்’ என்ற கோப்பைத் தேடும். அது இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும். கணினி முழுவதற்கும் ஒரே இஎஸ்லின்ட் போதும் என்று குளோபலாக நிறுவி வைத்திருந்தவர் அதைப் புதுப்பித்ததும், பழைய புராஜெக்ட்டுகள் ஒவ்வொன்றிலும் இந்தப் பிழை வந்து நிற்கும். எந்தப் புராஜெக்ட்டிலும் ஒரு வரி நிரல்கூட மாறியிருக்காது. அதனதன் இஎஸ்லின்ட்டை அந்தந்தப் புராஜெக்ட்டுக்குள்ளேயே வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகாது. நேரம் கிடைக்கும்போது ஒரு புராஜெக்ட்டை எடுத்துப் புதிய பதிப்புக்கு மாற்றி, சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

பேக்கேஜை எங்கே நிறுவுகிறோம் என்பது வட்டில் எந்தக் கோப்புறை என்ற கேள்வியோடு முடிவதில்லை. எந்தப் பதிப்பு ஓடும், அதை யார் தீர்மானிக்கிறார்கள், அந்தத் தீர்மானம் எங்கே பதிவாகிறது என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் புராஜெக்ட்டை இறக்கிக்கொண்டு முதல் மணி நேரத்தில் வேலையைத் தொடங்குகிறாரா, பிழைச் செய்திகளோடு மல்லுக்கு நிற்கிறாரா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது. அதனால் இந்த ஒரு பழக்கத்தைத் தொடக்கத்திலேயே சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்கள்

புராஜெக்ட் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று எழுதி, பேக்கேஜின் பெயரைக் கொடுக்கிறீர்கள். மூன்று காரியங்கள் நடக்கின்றன. பேக்கேஜும் அது சார்ந்திருக்கும் மற்றப் பேக்கேஜ்களும் ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் வந்து சேர்கின்றன. பேக்கேஜின் பெயரும் ஏற்கத்தக்க பதிப்பு வரம்பும் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் எழுதப்படுகின்றன. உண்மையில் இறங்கிய துல்லியமான பதிப்பு எண்கள் ‘பேக்கேஜ்-லாக்.ஜேசன்’ கோப்பில் பதிவாகின்றன. பேக்கேஜில் கட்டளையாக ஓடக்கூடிய நிரல் இருந்தால், ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறைக்குள் ‘.பின்’ என்ற உட்கோப்புறையில் அதற்கு ஓர் இணைப்பும் வைக்கப்படும். இந்த ‘.பின்’ பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே கட்டளையில் ‘-ஜி’ சேர்த்தால் கதை வேறு. பேக்கேஜ் கணினிக்கான பொதுவான ஓர் இடத்துக்குப் போகிறது. விண்டோஸில் அது உங்கள் பயனர் கணக்கின் ‘ஆப்டேட்டா’வுக்குள் இருக்கும் ‘என்பிஎம்’ கோப்புறை. மேக்கிலும் லினக்ஸிலும் நோட் நிறுவப்பட்ட விதத்தைப் பொறுத்து ‘யூஎஸ்ஆர்/லோக்கல்’ போன்ற சிஸ்டம் கோப்புறையாக இருக்கலாம். உங்கள் கணினியில் எங்கே என்று தெரிந்துகொள்ள ‘என்பிஎம் ரூட் -ஜி’ என்று கேட்டால் போதும். பேக்கேஜின் கட்டளை டெர்மினலின் தேடுபாதையில் சேர்ந்துவிடுவதால், எந்தக் கோப்புறையில் நின்றும் பெயரை மட்டும் தட்டி அதை ஓட்டலாம். இந்த வசதிதான் பலரை ‘-ஜி’ பக்கம் இழுக்கிறது. ஆனால் எந்தப் புராஜெக்ட்டின் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. லாக் கோப்பிலும் இல்லை. நீங்கள் நிறுவினீர்கள் என்பது உங்கள் கணினிக்கு மட்டுமே தெரியும்.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் இங்கே அடிக்கடி ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். எக்ஸ்பிரஸையோ லோடாஷையோ குளோபலாக நிறுவிவிட்டால் எல்லாப் புராஜெக்ட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறார்கள். நிறுவுவார்கள், நிரலில் ‘ரிகொயர்’ எழுதுவார்கள், ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல்’ என்ற பிழை வரும். காரணம், நோட் பேக்கேஜைத் தேடும் முறை. நிரல் கோப்பு இருக்கும் கோப்புறையில் ‘நோட்_மாட்யூல்ஸ்’ இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஒரு படி மேலே, அங்கும் இல்லையென்றால் இன்னொரு படி மேலே என்று வட்டின் வேர் வரை ஏறும். என்பிஎம் ‘-ஜி’ கொண்டு வைத்த இடம் அந்த வழியில் வருவதில்லை. ‘நோட்_பாத்’ என்ற சூழல் மாறியை வைத்து வேறு கோப்புறையையும் தேடச் சொல்ல முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது பழைய காலத்து ஏற்பாடு. ‘இம்போர்ட்’ முறையில் எழுதப்படும் நிரல்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நிரல் பயன்படுத்தும் நூலகம் எதுவானாலும் லோக்கலாக, அதாவது புராஜெக்ட்டுக்குள்தான், நிறுவ வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது கருவிகளைப் பற்றித்தான்: டைப்ஸ்கிரிப்ட், இஎஸ்லின்ட், ப்ரெட்டியர், ஜெஸ்ட், வீட் போன்று டெர்மினலில் ஓட்டுபவை.

2011இல் பிறந்த விதி

என்பிஎம்மை 2010இல் வெளியிட்டவர் ஐசக் ஷ்லூட்டர். அடுத்த ஆண்டு 1.0 பதிப்பு வந்தபோது அவர் செய்த பெரிய மாற்றம், லோக்கல் நிறுவலையே இயல்பு நிலையாக்கியது. அதற்கு முன்பு எல்லாப் பேக்கேஜ்களும் பொதுவான ஓர் இடத்துக்கே போய்க்கொண்டிருந்தன. அந்த மாற்றத்தோடு அவர் ஓர் எளிய விதியையும் சொன்னார். நிரலுக்குள் ‘ரிகொயர்’ செய்யப்போகிறீர்களா, லோக்கல். டெர்மினலில் கட்டளையாக ஓட்டப்போகிறீர்களா, குளோபல். இரண்டும் என்றால் இரண்டு இடத்திலும் நிறுவுங்கள் அல்லது ‘என்பிஎம் லிங்க்’ பயன்படுத்துங்கள்.

அந்தக் காலத்துக்கு அது நல்ல விதி. நோட் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. பேக்கேஜ்கள் குறைவு, ஒரு புராஜெக்ட்டைக் கட்டமைக்கப் பத்துக் கருவிகள் தேவைப்பட்டதில்லை, லாக் கோப்பு என்ற பழக்கம் என்பிஎம் உலகில் வேரூன்றவில்லை. ஆனால் விதியின் முதல் பாதி இன்றும் அப்படியே நிற்க, இரண்டாம் பாதி காலாவதியாகிவிட்டது. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்டில் டெர்மினலில் ஓடும் கருவிகளே நிரலின் வடிவத்தையும் தரத்தையும் வெளியீட்டையும் தீர்மானிக்கின்றன. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை யாரும் ‘ரிகொயர்’ செய்வதில்லை என்பதற்காக அது புராஜெக்ட்டின் பகுதி இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த கம்பைலர் இல்லாவிட்டால் புராஜெக்ட்டே இல்லை. பழைய பாடக்குறிப்புகளும் பயிற்சி வகுப்புகளும் இன்னும் இந்த இரண்டாம் பாதியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

அதற்குப் பதிலாக நான் பரிந்துரைக்கும் கேள்வி இது: கருவியின் பதிப்பு மாறினால் புராஜெக்ட்டில் ஏதாவது மாறுமா? வெளியீட்டுக் கோப்புகள், பிழைச் செய்திகள், சோதனை முடிவுகள், நிரலின் வடிவம் ஆகியவற்றில் ஒன்றாவது மாறும் என்றால் அந்தக் கருவி புராஜெக்ட்டுக்குச் சொந்தம், லோக்கலாக நிறுவுங்கள். எதுவுமே மாறாது, உங்கள் கைவசதிக்காக மட்டுமே வைத்திருக்கிறீர்கள் என்றால் அது உங்களுக்குச் சொந்தம், குளோபலாக இருக்கலாம்.

பதிப்பு மாறினால் என்ன ஆகும்?

ப்ரெட்டியரை எடுத்துக்கொள்வோம். நிரலை ஒரே சீராக அடுக்கித் தரும் கருவி. பல வரிகளில் எழுதப்படும் பட்டியலின் கடைசி உறுப்புக்குப் பின்னும் காற்புள்ளி வைப்பதா வேண்டாமா என்பதில் அதன் இயல்புநிலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் பதிப்பில் காற்புள்ளி இல்லை. 2020 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பு பட்டியல்களிலும் ஆப்ஜெக்ட்களிலும் அதை வைக்கத் தொடங்கியது. 2023 ஜூலையில் வந்த 3.0 பதிப்பு ஃபங்ஷன் அழைப்புகள் உட்பட இடமுள்ள எல்லா இடத்திலும் வைக்கிறது.

குழுவில் இருவர் இருக்கிறார்கள். இருவருமே ப்ரெட்டியரைக் குளோபலாக நிறுவியிருக்கிறார்கள். ஒருவரிடம் 2, இன்னொருவரிடம் 3. கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் ஒருவரின் கணினி காற்புள்ளிகளைச் சேர்க்கிறது, மற்றவரின் கணினி நீக்குகிறது. கிட் வரலாற்றில் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டும். உண்மையான மாற்றம் மூன்று வரிதான் இருக்கும். மதிப்பாய்வு செய்பவர் அதை அந்தக் குவியலுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இருவர் மீதும் குற்றமில்லை. பதிப்பு எண்ணை எழுதி வைக்க ஓர் இடம் இருந்தும் அதில் எழுதாமல் விட்டதுதான் சிக்கலுக்குக் காரணம். ப்ரெட்டியரின் சொந்த ஆவணமே, லோக்கலாக நிறுவுங்கள், அதுவும் ‘--சேவ்-எக்ஸாக்ட்’ சேர்த்துத் துல்லியமான பதிப்பைக் குறித்து வையுங்கள் என்கிறது. சிறு திருத்தப் பதிப்புகளில்கூட நிரலின் அடுக்கு கொஞ்சம் மாறலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

டைப்ஸ்கிரிப்ட்டின் நிலை இதைவிடக் கூர்மையானது. அதன் பதிப்பு எண்ணில் நடு இலக்கம் மாறினாலே, முன்பு சரியென்று ஏற்ற நிரலைப் புதிய பதிப்பு பிழை என்று சொல்லக்கூடும். 2021 ஆகஸ்டில் வந்த 4.4 பதிப்பில், ‘ஸ்ட்ரிக்ட்’ அமைப்பை வைத்திருக்கும் புராஜெக்ட்டுகளில் ‘கேட்ச்’ பகுதியில் கிடைக்கும் பிழை மாறியின் வகை ‘எனி’யிலிருந்து ‘அன்நோன்’ ஆனது. அதற்கு முன்பு அந்த மாறியில் நேரடியாக ‘மெசேஜ்’ என்று எடுத்துப் பயன்படுத்திய வரிகள் எல்லாம் 4.4இல் பிழையாயின. நல்ல மாற்றம்தான்; நிரலைப் பாதுகாப்பானதாக்குகிறது. ஆனால் அது எப்போது நம் புராஜெக்ட்டுக்குள் வர வேண்டும் என்பதைக் குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். யாரோ ஒருவர் தன் கணினியில் எதையோ புதுப்பித்ததால் வரக் கூடாது.

ஒரே ஆளின் ஒரே கணினிக்குள்ளும் இந்தக் குழப்பம் நடக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டெர்மினலில் வெறுமனே ‘டிஎஸ்சி’ என்று தட்டினால் குளோபல் டைப்ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ‘என்பிஎம் ரன் பில்ட்’ என்று சொன்னால் புராஜெக்ட்டின் லோக்கல் டைப்ஸ்கிரிப்ட் ஓடுகிறது. விஎஸ் கோட் எடிட்டரோ தன்னுடனேயே ஒரு டைப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவருகிறது. சிவப்புக் கோடு போடுவது அது. ஆக மூன்று டைப்ஸ்கிரிப்ட்கள், மூன்று பதிப்புகள், மூன்று தீர்ப்புகள். எடிட்டரில் பிழை இல்லை, பில்டில் பிழை வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுதான். மேக்கிலும் லினக்ஸிலும் ‘விச் டிஎஸ்சி’, விண்டோஸில் ‘வேர் டிஎஸ்சி’ என்று கேட்டால் எந்தக் கோப்பு ஓடுகிறது என்று தெரியும். விஎஸ் கோடில் டைப்ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றைத் திறந்து, கட்டளைப் பலகையில் ‘செலக்ட் டைப்ஸ்கிரிப்ட் வெர்ஷன்’ எடுத்து, ‘யூஸ் வொர்க்ஸ்பேஸ் வெர்ஷன்’ தேர்ந்தெடுங்கள். குளோபல் டைப்ஸ்கிரிப்ட்டை நீக்கிவிடுங்கள். மூன்றும் ஒன்றாகிவிடும்.

லோக்கல் கருவியை ஓட்டுவது எப்படி?

லோக்கலாக நிறுவிய கருவியை டெர்மினலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது; அந்தக் கணமே ‘-ஜி’ போட்டு மறுபடி நிறுவிவிடுகிறார்கள். வழி தெரியாததால் வந்த பழக்கம் அது. வழி இரண்டு இருக்கின்றன.

முதலாவது, ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதி. அங்கே ‘லின்ட்’ என்ற பெயருக்கு ‘இஎஸ்லின்ட் .’ என்று எழுதி வைத்துவிட்டு, டெர்மினலில் ‘என்பிஎம் ரன் லின்ட்’ என்று ஓட்டுங்கள். என்பிஎம் ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையிலுள்ள ‘.பின்’ இடத்தைத் தேடுபாதையின் முன்னால் சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஸ்கிரிப்ட்டுக்குள் பாதை எதுவும் எழுதத் தேவையில்லை; வெறும் பெயர் போதும். குளோபலாக வேறு பதிப்பு இருந்தாலும் லோக்கல் பதிப்புதான் முந்திக்கொள்ளும். தினமும் ஓட்டும் வேலைகள் எல்லாவற்றையும் இப்படிப் பெயரிட்டு வைப்பது நல்லது. புதிதாக வருபவர் அந்தப் பகுதியைப் படித்தாலே புராஜெக்ட்டில் என்னென்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்வார்.

இரண்டாவது, 2017 ஜூலையில் என்பிஎம் 5.2 பதிப்போடு வந்த ‘என்பிஎக்ஸ்’. எப்போதாவது ஒருமுறை ஓட்டும் கட்டளைகளுக்கு இது. ‘என்பிஎக்ஸ் இஎஸ்லின்ட்’ என்றால் முதலில் புராஜெக்ட்டுக்குள் தேடி, இருந்தால் அதை ஓட்டும். எங்கும் இல்லையென்றால் என்பிஎம்மின் பொதுப் பதிவகத்திலிருந்து தற்காலிகமாக இறக்கி ஓட்டும். 2020இல் வந்த என்பிஎம் 7 முதல், இப்படி இறக்குவதற்கு முன் உங்களிடம் அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் படிக்காமல் ‘ஒய்’ தட்டாதீர்கள். டைப்ஸ்கிரிப்ட் நிறுவாத கோப்புறையில் ‘என்பிஎக்ஸ் டிஎஸ்சி’ என்று ஓட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும். கம்பைலரின் கட்டளைப் பெயர் ‘டிஎஸ்சி’. ஆனால் பேக்கேஜின் பெயர் ‘டைப்ஸ்கிரிப்ட்’. பதிவகத்தில் ‘டிஎஸ்சி’ என்ற பெயரில் இருப்பது சம்பந்தமே இல்லாத வேறொரு பழைய பேக்கேஜ். அதை இறக்கி ஓட்டி, நீங்கள் தேடும் ‘டிஎஸ்சி’ இது இல்லை என்ற செய்தியைக் காட்டும். இந்த இடத்தில் அந்தப் பெயருக்குள் தீங்கற்ற பேக்கேஜ் இருப்பது நம் நல்ல நேரம். எல்லாப் பெயர்களுக்கும் அப்படி இருக்கும் என்று எண்ண இடமில்லை. கருவியை முதலில் லோக்கலாக நிறுவிவிட்டு என்பிஎக்ஸ் பயன்படுத்தினால் இந்த அபாயம் எழாது.

நிறுவும்போது ‘--சேவ்-டெவ்’ சேர்க்க மறவாதீர்கள். சுருக்கமாகப் பெரிய எழுத்து ‘-டி’. கருவி ‘டெவ்டிபென்டென்சிஸ்’ பகுதியில் பதிவாகும். சர்வரில் ‘--ஒமிட்=டெவ்’ கொடுத்து நிறுவும்போது அவை இறங்கா.

சூடோ வேண்டாம்

லினக்ஸிலோ மேக்கிலோ ‘-ஜி’ போட்டு நிறுவும்போது ‘இஅக்சஸ்’ என்ற அனுமதிப் பிழை வந்தால், முன்னால் ‘சூடோ’ சேர்த்து மறுபடி ஓட்டச் சொல்லும் அறிவுரை பரவலாக இருக்கிறது. அதைப் பின்பற்றாதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றால் அது இதுதான்.

என்பிஎம் பேக்கேஜ் வெறும் கோப்புகளின் மூட்டை மட்டுமல்ல. நிறுவும்போதே ஓடும் ஸ்கிரிப்ட்டை அது தனக்குள் வைத்திருக்கலாம். 2018 ஜூலை 12 அன்று இஎஸ்லின்ட்டின் துணைப் பேக்கேஜான ‘இஎஸ்லின்ட்-ஸ்கோப்’பின் 3.7.2 பதிப்பு வெளியானது. பராமரிப்பாளர் ஒருவரின் என்பிஎம் கணக்கைக் கைப்பற்றிய யாரோ வெளியிட்டது அது. நிறுவியதும் ஓடும் ஸ்கிரிப்ட் மூலம் பயனரின் ‘.என்பிஎம்ஆர்சி’ கோப்பிலுள்ள ரகசியக் குறியீடுகளைத் திருடி வெளியே அனுப்பியது. அதன் பிறகு என்பிஎம் நிறுவனம் அந்நாள் வரை வழங்கியிருந்த நுழைவுக் குறியீடுகள் அனைத்தையும் செல்லாதவையாக்க வேண்டி வந்தது. சாதாரணப் பயனராக ஓடும்போதே இவ்வளவு செய்ய முடிகிறது. சூடோவுடன் நிறுவும்போது இத்தகைய ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு ஓட வாய்ப்பிருக்கிறது. அப்போது கணினியில் அது தொட முடியாத இடமே இல்லை.

கெட்ட எண்ணம் இல்லாமலும் சேதம் வரலாம். 2018 பிப்ரவரியில் வெளியான என்பிஎம் 5.7.0 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. லினக்ஸில் சாதாரணப் பயனர் ஒருவர் சூடோவோடு அதை ஓட்டினால், ‘ஈடிசி’, ‘யூஎஸ்ஆர்’ போன்ற சிஸ்டம் கோப்புறைகளின் உரிமையாளரையே அது மாற்றிவிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளைச் சீராக்குவது லேசான வேலையாக இருக்கவில்லை. உடனே 5.7.1 வந்து அதைத் திருத்தியது. என்பிஎம்மை ரூட்டாக ஓட்டாதவர்களுக்கு அந்தப் பிழையால் எந்தச் சேதமும் இல்லை.

அனுமதிப் பிழைக்குச் சரியான தீர்வு, நோட்டை உங்கள் பயனர் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது. ‘என்விஎம்’ போன்ற பதிப்பு மேலாளர் மூலம் நோட்டை நிறுவினால் குளோபல் இடமும் உங்கள் கோப்புறைக்குள்ளேயே அமையும். சூடோவுக்குத் தேவையே வராது. அது வேண்டாம் என்றால் ‘என்பிஎம் கான்ஃபிக் செட் ப்ரிஃபிக்ஸ்’ கட்டளையால் குளோபல் இடத்தை உங்கள் வீட்டுக் கோப்புறையில் ஓரிடத்துக்கு மாற்றி, அதன் ‘பின்’ பகுதியைத் தேடுபாதையில் சேர்க்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள். ப்ரிஃபிக்ஸ் மாற்றப்பட்டிருந்தால் என்விஎம் ஒத்துழைக்க மறுக்கும்.

என்விஎம் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நோட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிக் குளோபல் இடம். 20இலிருந்து 22க்கு மாறியதும், நேற்றுவரை ஓடிய குளோபல் கட்டளைகள் காணாமல் போயிருக்கும். அவை அழியவில்லை; பழைய பதிப்பின் கோப்புறையில் இருக்கின்றன. புதிய நோட்டை நிறுவும்போது ‘--ரீஇன்ஸ்டால்-பேக்கேஜஸ்-ஃப்ரம்’ கொடுத்தால் அவற்றையும் மறுபடி நிறுவித் தரும். லோக்கல் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

குளோபலுக்குத் தகுதியானவை

குளோபல் நிறுவலே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் புராஜெக்ட்டையும் சாராத கருவிகள் இருக்கின்றன. ஒரு கோப்புறையை உடனே பிரவுசரில் பார்க்க உதவும் ‘ஹெச்டிடிபி-சர்வர்’, சார்புகளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ‘என்பிஎம்-செக்-அப்டேட்ஸ்’, உங்கள் மேகக் கணக்கை நிர்வகிக்கும் கட்டளைக் கருவி ஆகியவை அந்த வகை. இவற்றின் பதிப்பு மாறினாலும் புராஜெக்ட்டின் ஒரு கோப்பும் மாறாது. உங்கள் சக ஊழியரிடம் இவை இல்லாவிட்டாலும் அவர் வேலை நிற்காது. ஆனால் மேகக் கருவியைக் கொண்டுதான் புராஜெக்ட்டைச் சர்வரில் ஏற்றுகிறீர்கள், அதற்கான ஸ்கிரிப்ட் புராஜெக்ட்டுக்குள் இருக்கிறது என்றால் தீர்ப்பு மாறிவிடும். அப்போது அதுவும் புராஜெக்ட்டின் பகுதிதான்.

நடுவில் ஒரு வகை உண்டு: மெல்லிய குளோபல் கட்டளை. பில்ட் வேலைகளை ஓட்டும் கருவியான கிரண்ட்டின் 2013இல் வந்த 0.4 பதிப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. குளோபலாக நிறுவ ‘கிரண்ட்-சிஎல்ஐ’ என்ற சிறு பேக்கேஜை மட்டும் தனியே பிரித்தார்கள். அதன் ஒரே வேலை, நிற்கும் புராஜெக்ட்டுக்குள் இருக்கும் உண்மையான கிரண்ட்டைத் தேடி ஓட்டுவது. ஆங்குலரின் ‘என்ஜி’ கட்டளையும் அப்படித்தான். புராஜெக்ட்டுக்குள் லோக்கல் ஆங்குலர் சிஎல்ஐ இருந்தால் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடும். பதிப்புகள் வேறுபட்டால் எச்சரிக்கும். இந்த வடிவத்தில் எழுதப்பட்ட கருவியைக் குளோபலாக வைத்திருப்பதில் தவறில்லை, லோக்கல் பிரதியும் இருக்கும் பட்சத்தில்.

புதிய புராஜெக்ட்டை உருவாக்கித் தரும் கருவிகளை ஒரு காலத்தில் எல்லோரும் குளோபலாக வைத்திருந்தார்கள். அதற்கு இப்போது காரணமில்லை. அவை ஆண்டுக்குச் சில முறை மட்டுமே ஓடும். ஓடும்போது புதிய பதிப்பாக இருக்க வேண்டும். குளோபலாக நிறுவியதோ அங்கேயே பழையதாகிக் கிடக்கும். கிரியேட் ரியாக்ட் ஆப் குழுவினரே ஒரு கட்டத்தில், குளோபலாக நிறுவியிருந்தால் நீக்கிவிட்டு என்பிஎக்ஸ் மூலம் ஓட்டுங்கள் என்று தங்கள் ஆவணத்தில் எழுத வேண்டி வந்தது. இன்று ‘என்பிஎம் கிரியேட் வீட்@லேட்டஸ்ட்’ என்று ஒரே வரியில், எதையும் நிலையாக நிறுவாமல், புதிய புராஜெக்ட்டைத் தொடங்கலாம்.

என்பிஎம்முக்கு மாற்றான யார்ன் இன்னும் ஒரு படி தாண்டிப் போனது. 2020 ஜனவரியில் வந்த யார்ன் 2இலிருந்து ‘யார்ன் குளோபல்’ கட்டளையையே எடுத்துவிட்டார்கள். ஒருமுறை ஓட்ட ‘யார்ன் டிஎல்எக்ஸ்’, மற்றதெல்லாம் புராஜெக்ட்டுக்குள்.

வட்டில் இடம், சிஐ, லிங்க்

ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் ஒரே கருவியைத் திரும்பத் திரும்ப இறக்கினால் வட்டு நிரம்பாதா என்பது நியாயமான கேள்வி. சிறிய வட்டுள்ள மடிக்கணினியிலும், அளந்து செலவிடும் இணைய இணைப்பிலும் வேலை செய்பவர்களுக்கு இது உண்மையான பிரச்சினை. இதற்குத் தீர்வு, என்பிஎம்முக்கு இன்னொரு மாற்றான பிஎன்பிஎம். அது ஒவ்வொரு பேக்கேஜின் கோப்புகளையும் கணினியில் ஒரே ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் வன்இணைப்பு போடுகிறது. பத்து புராஜெக்ட்டில் ஒரே பதிப்பு டைப்ஸ்கிரிப்ட் இருந்தாலும் வட்டில் அது ஒரு பிரதிதான். பதிப்புக் கட்டுப்பாடும் கிடைக்கிறது, இடமும் மிஞ்சுகிறது. என்பிஎம்மிலேயே இருக்க விரும்பினால், ஏற்கெனவே இறக்கியவற்றைத் தன் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல ‘--ப்ரிஃபர்-ஆஃப்லைன்’ சேர்க்கலாம்; இடம் மிஞ்சாது, டேட்டா மிஞ்சும்.

நிரலைத் தானாகக் கட்டமைத்துச் சோதிக்கும் சிஐ சர்வர்களில் ‘என்பிஎம் இன்ஸ்டால் -ஜி’ என்ற வரியைக் கண்டால் நிறுத்தி விசாரியுங்கள். அந்த வரி உங்கள் லாக் கோப்பைப் பார்ப்பதில்லை. இன்று ஒரு பதிப்பு, அடுத்த வாரம் வேறொரு பதிப்பு இறங்கும். வெள்ளிக்கிழமை மாலை பில்ட் திடீரென்று உடைவதற்கு இது போதுமான காரணம். அதற்குப் பதிலாக ‘என்பிஎம் சிஐ’ பயன்படுத்துங்கள். பழைய ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறையை அழித்துவிட்டு, லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும், ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பும் லாக் கோப்பும் ஒத்துப்போகாவிட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். தவிர்க்கவே முடியாமல் டாக்கர் இமேஜுக்குள் எதையாவது குளோபலாக நிறுவ நேர்ந்தால், பெயரோடு ‘@’ போட்டு முழுப் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

‘என்பிஎம் லிங்க்’ ஒரு தனித் தேவைக்கு: நீங்களே எழுதிக்கொண்டிருக்கும் பேக்கேஜை, வெளியிடாமலேயே இன்னொரு புராஜெக்ட்டில் சோதித்துப் பார்க்க. குளோபல் இடத்தில் ஓர் இணைப்பு வைத்து, அங்கிருந்து புராஜெக்ட்டுக்குள் இன்னோர் இணைப்பு போடுகிறது. ரியாக்ட் காம்போனென்ட் பேக்கேஜை இப்படி இணைத்தால் ‘இன்வாலிட் ஹுக் கால்’ பிழை வரலாம். பேக்கேஜின் கோப்புறையில் ஒரு ரியாக்ட், புராஜெக்ட்டில் ஒரு ரியாக்ட் என்று இரண்டு ஏறிவிடுவதே காரணம். ‘என்பிஎம் பேக்’ கட்டளையால் பேக்கேஜை ஒரு சுருக்கக் கோப்பாக்கி, அந்தக் கோப்பைப் புராஜெக்ட்டில் நிறுவிப் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. வெளியிட்டால் பயனருக்கு என்ன கிடைக்குமோ அதுவே உங்களுக்கும் கிடைக்கும்.

கணினியைச் சீர்செய்தல்

இதுவரை எல்லாவற்றையும் ‘-ஜி’ போட்டு நிறுவிப் பழகியவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் நீக்கினால் ஏதாவது ஒரு புராஜெக்ட் நின்றுவிடும். படிப்படியாகப் போகலாம். ‘என்பிஎம் எல்எஸ் -ஜி’ ஓட்டி, வரும் பட்டியலைப் பாருங்கள். என்பிஎம் அதில் இருக்கும், அதைத் தொடாதீர்கள். மற்ற ஒவ்வொன்றுக்கும் முன்பு சொன்ன கேள்வியைக் கேளுங்கள். புராஜெக்ட்டுக்குச் சொந்தமானது என்று தெரிந்தால், அதன் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தும் புராஜெக்ட்டில் அதே பதிப்பை ‘--சேவ்-டெவ்’ போட்டு நிறுவுங்கள். புதிய பதிப்புக்குத் தாவும் ஆசையை இந்த நேரத்தில் தள்ளிவையுங்கள். இடம் மாற்றுவதும் பதிப்பு மாற்றுவதும் ஒன்றாக நடந்தால், ஏதாவது உடையும்போது எதனால் என்று தெரியாமல் போகும். ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் அந்தக் கருவிக்கான வரியைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் லாக் கோப்போடு சேர்த்துக் கிட்டில் ஏற்றிவிட்டு, ‘என்பிஎம் அன்இன்ஸ்டால் -ஜி’ கொடுத்துக் குளோபல் பிரதியை நீக்குங்கள்.

பிறகு புராஜெக்ட்டின் ‘ரீட்மீ’ கோப்பைத் திறந்து, ‘முதலில் இதைக் குளோபலாக நிறுவிக்கொள்ளுங்கள்’ என்ற வகையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடி நீக்குங்கள். முடிந்தால் குழுவில் ஒருவரிடம் புராஜெக்ட்டைப் புதிதாக ஒரு கோப்புறையில் இறக்கி, ‘என்பிஎம் சிஐ’, ‘என்பிஎம் ரன் பில்ட்’ இரண்டை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். எந்தக் கட்டளை காணவில்லை என்று பிழை வருகிறதோ, அதுதான் நீங்கள் அடுத்து உள்ளே கொண்டுவர வேண்டிய கருவி.